காரின் மேல் படியும் வெண்புள்ளிகள்



தமிழகத்திலிருந்து தில்லிக்கும் அதனைச் சூழ்ந்த ஊர்களுக்கும் குடிவந்த நம்மவர்க்கு, இங்குள்ள ஆழ்குழாய்க் கிணற்று நீரின் இயல்பு முதலில் புலப்படுவது அடுக்களையில்தான். துவரம்பருப்பு எளிதில் வேகாது. வெந்நீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஏடு படியும். குளியலறையிலோ சோப்பு நுரைக்காது. அதே நீரால் காரைக் கழுவி வெயிலில் நிறுத்திவிட்டால், துளி நின்ற இடந்தோறும் ஒரு வெண்புள்ளி எஞ்சுகிறது. கருநிறக் காரானால் அம்மைத் தழும்பைப் போலத் தோன்றும். முகப்பிலும் கதவுப் பிடியிலும் உள்ள குரோமிய மெருகும் மங்கிவிடும்.

இந்நீரை நாம் 'உப்புத் தண்ணீர்' என்கிறோம். இந்தி பேசுவோர் 'காரா பானி' என்பர். இரு மொழியிலும் பெயர் பொருத்தமாகவே தோன்றினும், காரைப் பொறுத்தவரை அது நம்மைப் பிழையான வழியில் செலுத்திவிடுகிறது. உப்பென்றால் நீரில் கரைந்துவிடும் என்று எண்ணி, மேலும் இரண்டு வாளி ஊற்றுகிறோம். கரையாதது கண்டு அழுத்தித் தேய்க்கச் சொல்கிறோம். அதுவும் பலிக்காதபோது, விடியற்காலையில் வந்து காரைத் துடைக்கும் தொழிலாளியைக் கடிந்துகொள்கிறோம். அவர் எத்துணை உழைத்தாலும் அந்தப் புள்ளி நீரால் போகாது. ஏனெனில் அது கறியுப்பு அன்று, கல்.

மண்ணினூடும் பாறையினூடும் ஊறிச் செல்லும் நீர், கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. அந்நீர் உலரும்போது கரியமிலவாயு பிரிந்து போக, சுண்ணக்கல் படிவாகத் தங்குகிறது. குடிநீருக்கென 2012ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட இந்தியத் தரம், நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம் என்றும், வேறு நீர் கிடையாவிடத்து 600 வரை ஏற்கலாம் என்றும் கூறுகிறது. அந்த மேல் வரம்பிலுள்ள நீரில் 10 லிட்டர் வாளி ஒன்றுக்கு, சுண்ணக்கல்லாகக் கணக்கிட்டால், 6 கிராம் அடங்கியிருக்கும்.

கல்லைக் கரைப்பது புளிப்பு. சலவைக்கல் தரையில் எலுமிச்சைச் சாறு சிந்திய இடம் மெருகிழந்து போவதை நீங்கள் கண்டிருக்கலாம். சலவைக்கல்லும் இதே சுண்ணக்கல் இனமே. தரைக்குத் தீங்கான அந்தக் குணத்தையே காருக்கு நன்மையாக நாம் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அதற்கு வேண்டியது வெள்ளை வினிகர். இங்குள்ள கடைகளில் 'சிர்க்கா' என்று கேட்டாலும் தருவர். அதனுடன் சம அளவு, மின்கலத்திற்கு ஊற்றும் வாலைவடி நீரைக் கலந்துகொள்க. காரை நிழலில் நிறுத்தி, தகடு ஆறிய பின் கார் கழுவும் சோப்பு நீரால் தூசியைப் போக்குக. பின்னர் மெல்லிய துணியைக் கலவையில் நனைத்துப் புள்ளிகளின் மேல் ஓரிரண்டு நிமிடம் போர்த்தி வைக்க வேண்டும். அது உலர்ந்துவிடலாகாது. அதன்பின் அழுத்தாமல் துடைத்து, நிறைய நீரால் அலசி, உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். முதன்முறை செய்யும்போது மறைவான ஓரிடத்தில் சோதித்துப் பார்ப்பது நன்று. சலவைக்கல் பதித்த முற்றத்தில் இதனைச் செய்தல் கூடாது.

குரோமியத்திற்கும் இம்முறையே போதும். இடுக்குகளில் மென்மையான பழைய பல்துலக்கியைப் பயன்படுத்தலாம். கழிவறைக்கு ஊற்றும் அமிலத்தை மட்டும் ஒருபோதும் நாடலாகாது. அது கல்லோடு குரோமியத்தையும் அரித்துவிடும். இரும்புநாரும் பாத்திரம் துலக்கும் பொடியும் கீறலையே தரும்.

இருமுறை செய்தும் வடு மாறாவிடில், அங்கே நிற்பது படிவு அன்று. பூச்சிலேயே விழுந்த பள்ளம். இக்காலக் கார்களில் வண்ணத்தின் மேல் நிறமற்ற காப்புப் பூச்சு ஒன்று உண்டு. ஒரு மில்லிமீட்டரை 20 கூறாக்கினால், அதன் கனம் ஏறத்தாழ ஒரு கூறே. பள்ளத்தை மறைக்க மெருகிடுவோர் இந்தப் பூச்சைச் சற்றே தேய்த்து மட்டப்படுத்துகின்றனர். தேய்ந்தது மீண்டும் வளராது. ஆகவே அதனைக் கைதேர்ந்தவரிடம், மிகவும் தேவையானபோது மட்டும் ஒப்படைத்தலே முறை. தவணை கட்டி வாங்கிய காரைப் பிற்காலத்தில் விற்கும்போது, வாங்குவோர் முதலில் நோக்குவதும் அதன் பளபளப்பையே அன்றோ?

இவையனைத்தினும் எளியது, புள்ளி விழாமல் காத்தல். வெயில் ஏறுமுன் கழுவுதல், கழுவியவுடன் ஈரம் துடைத்தல், சில மாதங்களுக்கு ஒருமுறை மெழுகு பூசுதல் ஆகிய மூன்றுமே போதும். வினிகர் பழைய மெழுகையும் நலிவிக்குமாதலால், புள்ளியைப் போக்கிய பின்னரும் மெழுகு பூசுக.

துடைக்க வருபவரிடம் ஒரே ஒரு வாளியும், பல கார்களின் மணல் படிந்த ஒரே துணியுமே இருப்பதுண்டு. அவருக்குச் சுத்தமான இரண்டு துணிகளை நாமே தருவோம். நம் காரை நிழலில் நிறுத்துவோம். ஈரத்தை ஒற்றி எடுக்கும் முறையைச் சொல்லிக் கொடுப்போம். கிணற்று நீர் செய்த குற்றத்திற்கு அவர் கூலியைக் குறைப்பது நியாயமாகாது.