மஞ்சளா, நீலமா? சென்னை–மும்பை சண்டையில யாரு 'நம்ம ஆளு'?

இந்த வாரம் ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூர்ல இருந்து பேசுறேன். ஆபீஸ் டீமோட ரெண்டு நாள் ட்ரிப். பின்னாடி பூச்சி சத்தம் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

நேத்து ராத்திரி இங்க ஒரு சின்ன உரசல். எங்க டீம்ல ஒருத்தன் தாராவியில பிறந்து வளர்ந்தவன். தாத்தா திருநெல்வேலிக்காரர், வீட்ல பேசுறது தமிழ். ஆனா பையன் மும்பை இந்தியன்ஸ் வெறியன். "நீயெல்லாம் தமிழனாடா?"ன்னு இன்னொருத்தன் கேட்டுட்டான். விளையாட்டாத்தான் கேட்டான். ஆனா இவன் முகம் வாடிப்போச்சு. அதுக்கப்புறம் பேசவே இல்ல.

முதல்ல கணக்கைப் பார்ப்போம். ரெண்டு டீமும் தலா 5 கோப்பை. ஃபைனல்ல மோதினது 4 தடவை. 2010ல நாம ஜெயிச்சோம். 2013, 2015, 2019ல அவங்க. இதுல 2019 ஹைதராபாத் மேட்ச் இன்னும் வலிக்குது. கடைசி ஓவர்ல 9 ரன் வேணும், பந்து மலிங்கா கையில. 80 ரன் அடிச்ச வாட்சன், முழங்கால்ல ரத்தத்தோட ஓடி ரன் அவுட். கடைசி பந்துல 2 ரன் வேணும், தாக்கூர் எல்பிடபிள்யூ. 1 ரன்ல கோப்பை போச்சு.

இப்ப அன்னைக்கு ஆடின நம்ம லெவனைப் பாருங்க. ஹர்பஜன், ராயுடு, பிராவோ மூணு பேருமே முன்னாடி மும்பைக்கு ஆடினவங்க. ஏலம் முடிஞ்சு மஞ்சள் ஜெர்சி போட்டதும் நம்ம ஆளு ஆயிட்டாங்க. வாட்சன் ஆஸ்திரேலியாக்காரர், அவருக்காகக் கண் கலங்கினோம். தோனி ராஞ்சிக்காரர், நமக்கு 'தல'. இவங்க யார்கிட்டயும் நாம பூர்வீகம் கேட்கல. பாசம் மட்டும் போதும்னு இருந்தோம்.

அப்போ தாராவிப் பையன்கிட்ட மட்டும் ஏன் கேட்கணும்? அவனுக்கு ஊர் கிரவுண்டு வான்கடே, நமக்குச் சேப்பாக்கம். அவ்வளவுதான் வித்தியாசம்.

காலையில டீ குடிக்கும்போது அவனே ஒண்ணு சொன்னான். 2016லயும் 2017லயும் சிஎஸ்கே தடையில இருந்துச்சு இல்லையா? "2017ல கப் அடிச்சோம் மச்சான். ஆனா எதிர்ல மஞ்சள் இல்லாம சப்புன்னு இருந்துச்சு"ன்னான். நம்மள இந்த அளவுக்குத் தேடினவனையா அந்நியன்னு சொல்றது?

மும்பையைக் கலாய்க்கிறதை நான் நிறுத்தப் போறதில்ல. அவனும் 2019ஐச் சொல்லிக்காட்டாம இருக்கப் போறதில்ல. ஸ்கோரை வச்சு எவ்வளவு வேணா சண்டை போடுவோம். ஒருத்தன் தமிழனா இல்லையான்னு அதுல இழுக்க வேணாம்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம் மக்களே.