முள்வேலி இல்லாத முகாம்

இந்த எபிசோடை சித்தேரியில, எங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து பேசுறேன். நடுவுல கோழி கத்தினா கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

பொங்கல் லீவுக்கு பெங்களூர்ல இருந்து வரும்போது ஒரு சின்ன புரொஜெக்டர் எடுத்துட்டு வந்தேன். மலையில சிக்னலை நம்ப முடியாது, அதனால படத்தை முன்னாடியே டவுன்லோட் பண்ணிட்டேன். வெள்ளையடிச்ச சுவர்தான் திரை. படம் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்'. 1957ல டேவிட் லீன் எடுத்தது, 7 ஆஸ்கர் வாங்கினது. இரண்டாம் உலகப் போர்ல ஜப்பான்காரங்ககிட்ட சிக்கின பிரிட்டிஷ் கைதிகள், தாய்லாந்து காட்டுல ரயில் பாலம் கட்டுற கதை. வசனத்தை நான் தமிழ்ல சொல்லிட்டே வந்தேன்.

ஆரம்பத்துல முகாம் அதிகாரி கைதிகள்கிட்ட சொல்வார்: இங்க முள்வேலி கிடையாது, காவல் கோபுரம் கிடையாது, சுத்தி காடு இருக்கு, அதுவே போதும். எங்க மாமா சிரிச்சுட்டார். "காட்டைக் காட்டியா பயமுறுத்துறான்? நமக்கு ஓடி ஒளியணும்னா முதல்ல காடுதானே மாப்ள ஞாபகம் வரும்?"

அப்புறம் ஷியர்ஸ்ங்கற கைதி தப்பிச்சு ஓடுவான். கூட வந்த ரெண்டு பேர் சுடப்படுவாங்க, இவன் மட்டும் ஆத்துல விழுந்து பிழைப்பான். பசங்க கை தட்டினாங்க. மாமா தட்டல. பாலம் பாதி ஏறினதும் கேட்டார்: "இம்புட்டு வேலையையும் இந்த வெள்ளைக்காரங்க மட்டுமா செஞ்சாங்க?"

படத்தை நிறுத்தினேன். ஏன்னா அந்தக் கேள்விக்குப் படத்துல பதில் கிடையாது.

நிஜமான சயாம்-பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942ல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல முடிச்சாங்க. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல வேலை செஞ்சாங்க, 12,000 பேருக்கு மேல இறந்தாங்க. ஆனா ஆசியத் தொழிலாளர்கள் அவங்களைவிட ரெண்டு மடங்குக்கும் மேல. பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், கூடவே மலாயா ரப்பர் தோட்டத்துல இருந்து போன பல்லாயிரம் தமிழர்கள். மூணு மாச வேலை, நல்ல கூலின்னு சொல்லி முதல்ல கூட்டிட்டுப் போனாங்க. ஆள் பத்தாதப்போ பிடிச்சுட்டுப் போனாங்க. இலவச சினிமான்னு கூப்பிட்டு, கொட்டகைக் கதவைப் பூட்டி ரயில்ல ஏத்தினதும் பதிவாகியிருக்கு. இதைச் சொன்னப்போ சுவர் முன்னாடி உட்கார்ந்திருந்த எங்க யாருக்கும் பேச்சு வரல.

படத்துல பிரிட்டிஷ் கர்னல், ஜெனீவா ஒப்பந்தத்தைக் கையில வச்சுட்டு வாதாடுவார். தமிழ்க் கூலிக்கு நீட்ட ஒரு காகிதமும் இல்ல. கைதிகள் கூட ராணுவ டாக்டர்கள் இருந்தாங்க. இவங்க முகாம்கள்ல 1943ல காலரா வந்தப்போ பெரும்பாலும் யாருமே இல்ல. காஞ்சனபுரி போர்க் கல்லறையில ஏறக்குறைய 7,000 கைதிகளுக்கு இடம் இருக்கு, பெரும்பாலான கல்லுல பேரும் இருக்கு. செத்த தமிழர்களுக்குச் சரியான எண்ணிக்கைகூட இல்ல. இருக்கறது எல்லாமே மதிப்பீடுதான். மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்'னும், அ. ரெங்கசாமி 'நினைவுச்சின்னம்'னும் நாவல் எழுதினாங்க. அதுல பேசப்பட்ட அளவுகூட ஹாலிவுட்ல இந்த ஆளுங்க வரல.

"அவங்க ஓடலையா?"ன்னு ஒரு பையன் கேட்டான். ஓடினாங்க. ஆனா பலர் காட்டுலயே செத்தாங்க. இதுக்கு மாமாவே பதில் சொன்னார்: "எங்க இருக்கோம்னே தெரியாதவன் எந்தப் பக்கம்டா ஓடுவான்? காடு தெரிஞ்சவனுக்குத்தான் காடு வழி. மத்தவனுக்கு அதுவே வேலி."

சின்ன வயசுல மாமா காப்பித் தோட்டத்து வேலைக்குக் குடகு போனவர். முன்பணம் கொடுத்து மேஸ்திரி ராத்திரியில லாரி ஏத்திட்டாராம். எந்த ஊர்னு தெரியாது, பாஷை தெரியாது. நோட்டுல இவங்க பேர்கூட இல்லையாம். 'சித்தேரி ஆள் ஆறு'ன்னு மட்டும் எழுதியிருந்துச்சாம். அப்படி ஒரு விஷயத்தை இத்தனை வருஷத்துல அவர் என்கிட்ட சொன்னதே இல்ல.

நான் ஆபீஸ்ல தினமும் டேட்டாபேஸோட மல்லுக்கட்டுறவன். பதிவு இல்லைன்னா அந்த ஆளே இல்லைங்கற மாதிரிதான் எங்க சிஸ்டம் நடந்துக்கும். அன்னைக்கு ராத்திரி அந்த ஆறு பேரோட பேரையும் மாமாகிட்ட கேட்டு போன்ல எழுதினேன். ஒருத்தர் பேரு மட்டும் அவருக்கு ஞாபகம் வரல. காலையில சாணி அள்ளிட்டிருந்தவர் திடீர்னு நிமிர்ந்து சொன்னார்.

1965 வரைக்கும் தருமபுரி, சேலம் ஜில்லாவுலதான் இருந்துச்சு. மலாயா தோட்டங்களுக்கு ஆள் போன ஜில்லாக்கள்ல சேலமும் ஒண்ணு. உங்க வீட்டுல யாராவது அப்படிப் போய்த் திரும்பாம இருந்தா, பெரியவங்க இருக்கும்போதே பேரைக் கேட்டு எழுதி வச்சிடுங்க.

மிச்சப் படத்தை மறுநாள்தான் பார்த்தோம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.