சாதி வாலும் பிரபுப் பட்டமும்

(புதுச்சேரியில் இளைஞர் படிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் இந்த ஊரில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தேன். ஒரு வீட்டுக்காரர் எல்லாம் பேசி முடித்து, முன்பணம் வாங்கும் நேரத்தில், "தம்பி, முழுப் பேரு என்ன?" என்றார். சொன்னேன். "அவ்வளவுதானா? பின்னாடி ஒண்ணும் இல்லையா?" என்றார். இல்லை என்றேன். மறுநாள் போன் வந்தது. சொந்தக்காரர் குடிவருகிறாராம், வீடு இல்லையாம். பெயருக்குப் பின்னால் வரும் அந்த 'ஒண்ணு' பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இங்கிலாந்தில் இதை ஒளிவுமறைவு இல்லாமல் வைத்திருக்கிறார்கள். டியூக், மார்க்வெஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன் என்று ஐந்து படிகள். மன்னர் எழுதிக் கொடுக்கும் பட்டயத்தில் பட்டம் பிறக்கிறது. பரம்பரைப் பட்டம் பெரும்பாலும் மூத்த மகனுக்கு மட்டுமே போகும். இளைய மகன் சட்டப்படி சாமானியன். வாரிசு அற்றுப்போனால் பட்டமும் அற்றுப்போகும். 1919இல் வங்காளத்து எஸ்.பி.சின்ஹாவுக்கே பிரபுப் பட்டம் கொடுத்தார்கள்.

நம் சாதிக்கோ பட்டயமும் இல்லை, எழுதிக் கொடுத்த மன்னனும் இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் போகிறது. கீழே இருப்பவரை மேலே ஏற்ற எந்த மன்னனாலும் ஆகாது.

அந்தப் பிரபுப் பட்டத்தையும் வேண்டாம் என்றார் ஒருவர், டோனி பென். 1960இல் தந்தை இறந்ததும் வைகவுண்ட் பட்டம் தானாக அவர் தலையில் விழுந்தது. மக்களவையில் இருந்த இடம் போயிற்று. 1961 இடைத்தேர்தலில் மக்கள் மறுபடி ஜெயிக்கவைத்தும் உள்ளே விடவில்லை. விடாமல் போராடினார். 1963இல் பட்டத்தைத் துறக்கச் சட்டமே வந்தது.

துறப்பது நம் புதுச்சேரிக்கு அதற்கு முன்பே தெரியும். 1790இல் தன் மண்ணில் பிரபுப் பட்டங்களை ஒழித்தது பிரெஞ்சுப் புரட்சி. அதே பிரான்ஸ் 1819இல் இங்கே, அவரவர் சாதி வழக்கப்படியே நீதி என்று ஆணை போட்டது. 1873இல் பொன்னுத்தம்பி என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர் போல ஷூ அணிந்து நீதிமன்றம் போனதற்காகத் தடுக்கப்பட்டார். பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார்.

1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, சாதி வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். புதிதாகக் குடும்பப் பெயர் எடுக்க வேண்டும். பொன்னுத்தம்பி எடுத்த பெயர் லபோர்த். போர்த் என்றால் கதவு. ஒடுக்கப்பட்டோர் பலர் அந்தக் கதவு வழியே நுழைந்தார்கள். காகிதத்தில் பெயர் மாறியது. தெரு மட்டும் பழைய கணக்கையே வைத்திருந்தது.

1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. பெரியார் 'நாயக்கர்' என்பதை விட்டார். அரசமைப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, அரசு பட்டம் கொடுப்பதைத் தடுக்கிறது. ஆனால் பிறப்பு கொடுக்கும் பட்டத்தை அது தொடவில்லை.

அதனால்தான் சொல்கிறேன் தோழர்களே, வாலை வெட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். வால் இல்லாத பெயரிலும் சாதியைத் தேடுகிறார்கள், என்னிடம் தேடியதுபோல. உங்கள் வீட்டு மாடி காலியாகும்போது, குடிவர வந்தவரிடம் உங்கள் அப்பா என்ன கேட்கிறார் என்று பக்கத்தில் நின்று கேளுங்கள். அந்தக் கேள்வியை அங்கேயே நிறுத்துங்கள். துறப்பது என்றால் அதுதான்.