எஞ்சினுக்கு ஆகாத தண்ணீர் குழந்தைக்கு ஆகுமா?

(கட்டிடத் தொழிலாளர், வர்ணம் பூசும் தொழிலாளர் அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரை)

"பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை." உழைப்பவர் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. தலையெழுத்து என்பார்கள் சிலர். அறிவு என்பது பரம்பரைச் சொத்து என்று தத்துவம் பேசுவார்கள் மேட்டுக்குடியினர். வயிற்றில் சோறில்லை, வீட்டில் விளக்கில்லை, பள்ளியில் வாத்தியார் இல்லை என்ற காரணங்களை நாம் பல காலமாகச் சொல்லி வருகிறோம். இன்று இன்னொரு காரணத்தைப் பார்ப்போம். அதன் பெயர் காரீயம்.

பாத்திரத்துக்குப் பூசும் ஈயத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது வெள்ளீயம். நாம் சொல்வது பாட்டரித் தகட்டிலும், பழைய பெயிண்டிலும், பல நாடுகளின் பழைய தண்ணீர்க் குழாய்களிலும் இருக்கும் காரீயம்.

உருவாகும் மூளை

பிறந்த குழந்தையின் மூளை கட்டி முடித்த வீடு அல்ல. சாரம் பிரிக்காத கட்டிடம். நரம்பு அணுக்கள் ஒன்றோடொன்று கோடிக்கணக்கில் இணைப்புப் போட்டுக்கொண்டிருக்கும் காலம் அது. தாயின் பேச்சைக் கேட்கக் கேட்க, பொருளைத் தொட்டுப் பார்க்கப் பார்க்க, பயன்படும் இணைப்பு பலப்படுகிறது, பயன்படாதது உதிர்ந்துபோகிறது. அனுபவத்துக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் இந்தச் சக்தியைத்தான் விஞ்ஞானிகள் மூளையின் நெகிழ்வுத் தன்மை என்கிறார்கள். கல்விக்கு அடித்தளம் இதுவே.

இந்த வேலைக்குச் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், தேவை. தொழிலாளி வேஷத்தில் நுழையும் கருங்காலியைப் போல, காரீயம் கால்சியத்தின் வேஷத்தில் மூளைக்குள் நுழைகிறது. நரம்பு அணுவில் என்.எம்.டி.ஏ. எனப்படும் வாயில் ஒன்று உண்டு. கற்றது பதிய வேண்டுமானால் அது திறக்க வேண்டும். காரீயம் அதை அடைக்கிறது. பலப்பட வேண்டிய இணைப்பு பலப்படாமலே நின்றுவிடுகிறது.

வயிற்றுக்குள் போகும் காரீயத்தைக் குழந்தையின் உடல் பெரியவர் உடலைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சுகிறது என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் இல்லாத உடல் இன்னும் அதிகமாக உறிஞ்சும். பசித்த குழந்தைக்கே அதிக விஷம்! தாயின் எலும்பில் பல ஆண்டுகளாகத் தங்கிய காரீயம் கர்ப்ப காலத்தில் வெளிப்பட்டுச் சிசுவையும் அடைகிறது.

அபாயமில்லாத அளவு என்று ஒன்று இல்லை. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மைக்ரோகிராம் இருந்தால் கவனிக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்க சர்க்கார் 1991-ல் வைத்த அளவு 10, 2012-ல் 5, 2021-ல் 3.5. அளவு இறங்கிக்கொண்டே வருகிறது. அதற்கு முன் வளர்ந்த குழந்தைகளுக்கு யார் பதில் சொல்வது?

பிளின்ட் நகரம் சொல்லும் பாடம்

மிச்சிகன் மாநிலத்தில் உள்ளது பிளின்ட். 1908-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி பிறந்த ஊர். 1936 டிசம்பர் முதல் 1937 பிப்ரவரி வரை 44 நாட்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து போராடி, சங்க அங்கீகாரத்தை வென்ற தொழிலாளரின் ஊர். பின்னாளில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மிஞ்சிய மக்களில் பாதிக்கு மேல் கறுப்பு மக்கள். பத்தில் நான்கு பேர் ஏழைகள். நகரத்தின் கஜானா வற்றியது. மாநில சர்க்கார், மக்கள் தேர்ந்தெடுத்த நகரசபையை ஒதுக்கிவிட்டுத் தன் நிர்வாகியை உட்கார வைத்தது.

2014 ஏப்ரலில், சிக்கனத்தின் பெயரால், ஏரித் தண்ணீரை நிறுத்தி ஆற்றுத் தண்ணீரை விட்டார்கள். குழாயை அரிக்காமலிருக்கக் கலக்க வேண்டிய மருந்தையும் கலக்கவில்லை. குழாயிலிருந்த காரீயம் குடிதண்ணீரில் இறங்கியது.

அதே ஆண்டு அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, இந்தத் தண்ணீர் எஞ்சின் பாகங்களை அரிக்கிறது என்று கூறி, வேறு தண்ணீருக்கு மாறிக்கொண்டது. தாய்மார்களோ பழுப்புத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் கூட்டங்களில் காட்டினார்கள். தண்ணீரில் குறையில்லை என்றார்கள் அதிகாரிகள். 2015 செப்டம்பரில் டாக்டர் மோனா ஹன்னா-அட்டிஷா குழந்தைகளின் ரத்தப் பரிசோதனைக் கணக்கை வெளியிட்டார். 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் காரீயம் உள்ள குழந்தைகள் 2.4 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதமாகப் பெருகியிருந்தார்கள். முதலில் அவரையும் மறுத்தார்கள். அக்டோபரில்தான் பழைய தண்ணீர் திரும்பியது. எஞ்சினுக்குக் கிடைத்த நியாயம் குழந்தைக்குக் கிடைக்க ஓராண்டு ஆயிற்று!

நம் நாட்டில்

காரீயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000-ம் ஆண்டில் நின்றது. வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாது என்ற விதி 2016-ல் வந்தது. ஆனால் பழைய சுவரில் பழைய பெயிண்ட் இருக்கிறது. பழைய பாட்டரியை உடைத்து உருக்கும் கொட்டகைகள் குடியிருப்புகளின் நடுவே புகைகின்றன. உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவர், சுமார் 80 கோடிப் பேர், 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் காரீயத்தை ரத்தத்தில் சுமக்கிறார்கள் என்று 2020-ல் யுனிசெப் அறிக்கை கூறியது. அதில் பெரும் பங்கு இந்தியக் குழந்தைகள்.

ரத்தத்திலுள்ள காரீயத்தை மருந்தால் குறைக்கலாம். போன அறிவுத்திறனை அது மீட்டுத் தரவில்லை என்று 2001-ல் அமெரிக்கப் பரிசோதனை காட்டியது. அதனால் வருமுன் காப்பதே வழி. ஆயினும் பாதிக்கப்பட்ட பிள்ளையைக் கைகழுவக் கூடாது. காரீயம் ஊட்டிய எலிகளை விளையாட்டுப் பொருளும் துணையும் நிறைந்த கூண்டில் வளர்த்தபோது, அவற்றின் கற்கும் திறன் தேறியது. மூளையின் நெகிழ்வுத் தன்மை முற்றிலும் சாவதில்லை. நல்ல சத்துணவும் நல்ல பள்ளியும் அந்தப் பிள்ளைக்கு மற்றவரைவிட அதிகம் தேவை.

தோழர்களே! பழைய பெயிண்டை நனைக்காமல் சுரண்டாதீர்கள். வேலைத் துணியோடு பிள்ளையைத் தூக்காதீர்கள். ஆனால் சோப்பும் தண்ணீரும் மட்டும் போதாது. வேலையிடத்தில் குளிக்கவும் துணி மாற்றவும் வசதி வேண்டும். தொழிலாளருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் இலவச ரத்தப் பரிசோதனை வேண்டும். கடையில் விற்கும் பெயிண்டைச் சர்க்கார் சோதித்து முடிவை வெளியிட வேண்டும். பாட்டரி உருக்கும் உலைகள் குடியிருப்பை விட்டு அகல வேண்டும். அங்குள்ள தொழிலாளிக்குப் பாதுகாப்பான மாற்று வேலை வேண்டும்.

நம் பிள்ளைகள் மந்தபுத்தியோடு பிறப்பதில்லை. அவர்கள் அறிவைத் திருடும் லாப வேட்டையை நாம் தடுத்தாக வேண்டும். சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் கூலிக்கு அடுத்த வரியிலேயே இதை எழுதுவோம்!