ஓட்டலில் சமத்துவம், வீட்டில் ஜாதியா?



நேற்று மாலை இவ்வூர் இளந்தோழர்கள் நால்வர் நம்மை ஒரு புது மாதிரி ஓட்டலுக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே ஆளுக்கொரு இலை என்பதில்லை. பண்டங்களை மேஜை நடுவில் வைத்து விடுகிறார்கள். எல்லோரும் அதிலிருந்தே எடுத்துக் கொள்ளுகிறோம். பொடியில் புரட்டிய இட்லித் துண்டு, கோபி மஞ்சூரியன், சீஸ் வைத்த தோசை, கொத்துப் பரோட்டா! எது எந்தத் தேசத்துச் சமையல் என்றே சொல்ல முடியவில்லை, ஆனால் ருசியாயிருந்தது.

இதெல்லாம் ஆசாரத்திற்கு அடுக்குமா என்று சிலர் கேட்கலாம். ஆசாரக்காரர் வீட்டுக் குழம்பில் மட்டும் என்ன இருக்கிறது? மிளகாயும், தக்காளியும், உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்திறங்குவதற்கு முன் இந்நாட்டார் மிளகாயைக் கண்டதே இல்லை. மிளகாய் கடல் தாண்டி வந்தால் தீட்டில்லை, மனிதன் தெருத் தாண்டி வந்தால் தீட்டு என்பது எந்த ஊர் நியாயம்?

எச்சில் படாமல் கரண்டியால் எடுத்துக் கொள்ளுங்கள் என்றால் அது சுகாதாரம், ஒப்புக் கொள்ளுகிறோம். இன்னார் தொட்டால் ஆகாது என்றால் அது சுகாதாரமல்ல, அகங்காரம்.

இந்தப் பொது மேஜை தானாக வந்து விடவில்லை. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதற்காக 1925-ல் நாடே கொதித்தது. தென்னாட்டு ரயில்வே சாப்பாட்டு விடுதிகளில் பிராமணர்களுக்கிருந்த தனியிடம் 1941-ல்தான் எடுபட்டது. 1957-ல் கூட ஓட்டல் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சென்னையில் மறியல் செய்து ஜெயிலுக்குப் போக வேண்டியிருந்தது.

இவ்வளவுக்கும் பிறகு நடந்ததைக் கேளுங்கள். அந்த நால்வரில் ஒருவர் சிரித்துக் கொண்டே, "ஐயா, ஆறு வருஷமாக நாங்கள் ஒரே தட்டில் சாப்பிடுகிறோம், ஆனால் இவன் வீட்டில் எனக்குத் திண்ணையோடு சரி" என்றார். மற்றவர் தலை குனிந்து, "அம்மா வருத்தப்படுவார்கள்" என்றார்.

அவரை மாத்திரம் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. நம் தாயார் இருந்த காலத்தில் நாமும் இதே சாக்கைச் சொன்னவர்தான். தாயார் மேல் பழியைப் போட்டு நம் கோழைத்தனத்தை மறைத்துக் கொண்டோம்.

தோழர்களே! காசு கொடுத்து வாங்கும் சமத்துவம் ஓட்டல் வாசலோடு நின்று விடும். உங்கள் வீட்டுத் தட்டை நடுவில் வையுங்கள். திண்ணையில் இருப்பவரை உள்ளே அழையுங்கள். நாம் சொன்னோம் என்பதற்காக வேண்டாம். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்யுங்கள்.