சந்திரனில் இறங்கிய பொறியும் நம்மவர் ஐயமும்



2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் 23ஆந் திகதி மாலை, இந்தியாவின் 'சந்திரயான்-3' அனுப்பிய பொறி சந்திரனின் தென்துருவத்தை அண்டிய நிலத்தில் மெல்ல இறங்கிற்று. திட்டப் பணிப்பாளர் வீரமுத்துவேல் விழுப்புரத்துத் தமிழர் என்றறிந்து நாம் பூரித்தோம். ஆயினும் எஹலியகொட வட்டாரத்துத் தோட்ட லயங்களிலும் தேநீர்க் கடைகளிலும் வேறு பேச்சும் எழுந்தது. பிறைசூடியின் முடியில் இரும்பை இறக்கலாமா என வருந்திய மூதாட்டியரும் உளர். அவ்வருத்தம் பக்தியின்பாற்பட்டது, அதனை நாம் வழக்காடப் புகவில்லை.

"எல்லாம் சினிமா வித்தை, வானத்தில் ஒரு நட்சத்திரங்கூடத் தெரியவில்லையே!" என்றனர் வேறு சிலர். நல்ல கேள்விதான். வெயிலில் ஒளிரும் நிலத்தைப் படமெடுக்கும் கருவி கணப்பொழுதே கண் திறக்கும். விண்மீனின் மங்கிய ஒளி அதற்குள் பதியாது. திருவிழா விளக்கின் கீழ் ஒருவரைப் படமெடுத்து, பின்னாலுள்ள வானத்தைப் பாருங்கள்.

"சொல்வது இந்தியாதானே?" என்பது அடுத்த ஐயம். நான்கு நாளில், சந்திரனைச் சுற்றிவரும் அமெரிக்க விண்கலமும் அப்பொறியைப் படமெடுத்தது.

2019 செப்டெம்பரில் இறங்கும்போது தொலைந்த 'விக்ரம்' என்னவாயிற்று என்று சென்னைப் பொறியியலாளர் சண்முக சுப்பிரமணியனும் ஐயுற்றார். அவர் நாசா வெளியிட்ட முன்னைய, பின்னைய படங்களைத் தம் கணினியில் ஒப்பிட்டுச் சிதறலொன்றைக் கண்டு எழுதினார். நாசாவினர் அதனை உடனே ஏற்றாரல்லர். ஒக்டோபரிலும் நவம்பரிலும் எடுத்த புதிய படங்களோடு ஒப்பிட்டு, டிசெம்பரிலேயே அவர் பெயரைச் சொல்லி அறிவித்தனர்.