குடிநீர்த் தூய்மையும் நம் கடமையும்

 

நம் மக்களுக்குக் குடிநீர் எளிதில் கிட்டியதன்று. 1927ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20ஆம் நாள், மகாத் நகரத்துச் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீர் அள்ளிப் பருகி, பொதுக்குளம் எல்லார்க்கும் பொது என்பதை நிலைநாட்டினார். எனினும் 2022ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் பருகும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது, குழந்தைகள் நோயுற்ற பின்னரே தெரிய வந்தது. அத்தகைய கொடுமையைத் தடுப்பது அரசின் கடன். ஆனால் குழாய்க்கு வந்த நீரைக் குழந்தையின் குவளை வரை காப்பது நம் கடன்.

தெளிந்த நீரெல்லாம் தூய நீராகாது. குழாயில் நீர் வராத வேளையில் அழுத்தம் குறைய, வெடிப்புகளின் வழியே சாக்கடை நீர் உட்புகும். வாந்திபேதி, குடற்காய்ச்சல், மஞ்சட்காமாலை ஆகியவை இவ்வாறே பரவுகின்றன.

தேற்றான்கொட்டை கலங்கலைத் தெளிவிக்குமேயன்றி, எல்லாக் கிருமிகளையும் போக்காது. பழஞ்சேலையை எட்டு மடிப்பாக்கி வடிகட்டியதால் வங்கதேசக் கிராமங்களில் வாந்திபேதி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என 2003ஆம் ஆண்டு வெளியான ஆய்வு கூறுகின்றது. அக்கிருமி பற்றியிருக்கும் நுண்ணுயிர்களைத் துணி தடுப்பதே காரணம். பிற கிருமிகள் தப்பிவிடும். பீங்கான் வடிகட்டி பாக்டீரியாக்களைத் தடுக்கும். அவற்றினும் நுண்ணிய மஞ்சட்காமாலை வைரசு அதனூடே நழுவிவிடும். ஆதலால் வடிகட்டிய நீரைத் தளதளவென ஒரு நிமிடமேனும் கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்துப் பருகுவதே உறுதியான வழி. விறகோ எரிவாயுவோ இல்லாதோர், தெளிந்த நீரை நிறமற்ற பிளாஸ்டிக் புட்டியில் நிரப்பி, ஆறு மணி நேரம் கடும் வெயிலில் வைக்கலாம்.

கொதிக்கவைத்த நீரிலும் கையை விட்டு மொண்டால் பயனில்லை. நீண்ட காம்புடைய அகப்பை வேண்டும். திண்டுக்கல் தோல் தொழிற்சாலைக் கழிவுகளால் கெட்ட நிலத்தடி நீரைப் போன்றவற்றில் கரைந்துள்ள உப்பும் இரசாயனமும் கொதிக்கவைப்பதால் நீங்கா. அங்கு மாற்று நீரையே கேட்டுப் பெறல் வேண்டும்.

முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளை, வயிற்றுப்போக்கால் பத்து நாள் படுத்துப் பின் பள்ளியையே மறந்துவிடுவதை நான் பன்முறை கண்டிருக்கின்றேன். ஆகவே குடிநீரும் கல்வியைச் சார்ந்ததே. எரியோட்டு இளைஞர்களே! தொட்டியை என்று கழுவினர், கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியுள்ளதா எனப் பேரூராட்சியிடம் எழுத்தில் கேளுங்கள். கேட்பதற்கன்றோ கழகம் நமக்கு எழுத்தறிவித்தது!